கினுயோ கட்டிய கமீலியா

ஊர்க் கமீலியாப் பூக் கண்காட்சியில் கினுயோ ஆறு வருஷமாக இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு எப்போதும் பக்கத்து வீட்டுத் தொமியேவுக்கு. வெயில் ஊரான ஷிசுவோகாவிலிருந்து நீகாதாவின் பனிக்குள் வந்து விழுந்தவள் கினுயோ. ஒரு தடவையாவது ஜெயிக்காவிட்டால் இந்த ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளாது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

ஒவ்வொரு நவம்பரிலும் பனிப் பாரத்தில் ஒடியாமலிருக்க வாசல் செடிக்கு மூங்கில் நட்டு, வைக்கோல் கயிற்றால் கிளைகளைத் தூக்கிக் கட்டுவாள். அத்தனை பாடுபட்டும் பத்துப் பூ தேறினால் பெரிசு. அந்த நவம்பரில் தொமியே, பனிக்காலம் முடியும்வரை இருக்க, மகன் வீட்டுக்கு டோக்கியோ கிளம்பினாள்.

"என் செடிய பாத்துக்கோடி. ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா பாத்தா போதும்."

இந்த ஊரில் யாராவது "வேணாம்" என்றால் "செய்" என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் கினுயோ கற்றது அதைத்தான். இடுப்புப் பிடிப்பு வேறு, ஒரு செடியைக் கட்டத்தான் தெம்பிருந்தது. நம்பி ஒப்படைத்தவளை ஏமாற்ற மனசு வரவில்லை. வெளியிலிருந்து கண்ணில் படாத தொமியே வீட்டுக் கொல்லைச் செடியைக் கண்ணும் கருத்துமாகக் கட்டினாள். தன்னுடையதைப் பனியிடம் விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் பனி உருகியது. தரையோடு படுத்துக் கிடந்த அவள் செடி மெல்ல எழுந்து, கிளை தெரியாமல் பூத்தது. தொமியேவின் செடியோ, வாடைக்காற்று நேராக அடிக்கும் கொல்லையில் பனிக்கு மேலே விறைப்பாக நின்றதில் கருகியிருந்தது. ஒரு மொட்டுகூட மிஞ்சவில்லை.

தொமியே திரும்பி வந்த அன்றே கினுயோ பயறு உருண்டைப் பெட்டியோடு போய்க் கொல்லையில் தலைகுனிந்து நின்றாள்.

"நான்தான் கட்டினேன்க்கா. கொன்னுட்டேன்."

தொமியே செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"இது பனிக்கடியில படுத்துத் தூங்குற சாதிடி. கட்டவே கூடாது. ஆறு வருஷமா நீ கட்டுறத ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன்."

"பாத்துட்டு? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஜெயிச்சுட்டே இருக்கணும்னு ஆசை."

கினுயோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படியில் உட்கார்ந்தாள், பெட்டியைத் திறந்தாள், தொமியே பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தின்றாள். கடைசி உருண்டையை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள்.

"தின்னுத் தொலை. ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு என் பூவ நீதான் தூக்கிட்டு வரணும்."