ஏரி நெல் மிதித்த கால்

"பாட்டியோட கால் ரெண்டும் முன்னாடியே சொர்க்கத்துக்குப் போய் அங்க காத்துக்கிட்டு இருக்கா?"

மர்னாவின் சவப்பெட்டி அருகே அவளுடைய ஆறு வயதுப் பேத்தி கேட்டாள். மர்னாவின் தம்பி டெல்மர் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். சர்க்கரை நோய் மர்னாவின் வலது காலை முதலில் எடுத்தது, மறுவருடம் இடது காலை, பிறகு அவளை.

நாலு வருடம் கழித்து டெல்மரின் முறை வந்தது. செப்டம்பர், அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கே எங்கள் ஓஜிப்வே பழங்குடி ஜனங்கள் தானாக விளையும் ஏரி நெல்லை எடுக்கும் மாதம். வறுத்த நெல்லைப் பலகை பதித்த குழியில் கொட்டி, உமி நீங்கப் புது மொக்கசின் போட்டு மிதிப்போம். மான்தோல் செருப்பு அது, மிருதுவானது. டெல்மர் மிதித்தபோது பலகைச் சிராய் ஒன்று தோலைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. அவனுக்கும் சர்க்கரை, மரத்துப்போன கால், தெரியவில்லை. எட்டாம் நாள் நாற்றம்தான் சொன்னது.

நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வியாழக்கிழமை குறித்தார்கள். டெல்மர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். 'எடுக்கிறதா இருந்தா மொத்தமா என்னை எடுத்துக்கோ' என்று படைத்தவனிடம் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஆர்லீன் வந்து அவனைக் காரில் ஏற்றினாள். செவ்வாய்தோறும் எங்கள் ஊர் மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், புண்ணுக்குக் கட்டும் போட்டு, புண் காலுக்குத் தோதான செருப்பும் செய்யும் வேய்லன் மூவரும் ஒரே அறையில், ஒரே காலைச் சுற்றி உட்காருவார்கள்.

"வெறுங்காலோட நடக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் மாமா?"

"நடக்கலையே. மொக்கசின் போட்டிருந்தேன்."

ஆர்லீன் அவனிடம் எவ்வளவோ சொல்லியிருந்தாள், மிருதுவான மொக்கசினும் வெறுங்காலுக்குச் சமம் என்று சொன்னதில்லை.

"தப்பு எங்க மேலதான்" என்றாள்.

டாக்டர் புறங்காலை அழுத்திப் பார்த்தார். "நாடி துடிக்குது. ஆறு வாரம் பார்ப்போம். ஆனா கால் தரையில படவே கூடாது. பட்டா, நானே வெட்டச் சொல்லுவேன்."

வேய்லன் கட்டுப் போட்டான். "மச்சான், உன் மூஞ்சியைவிட இந்தக் காலுக்குக் களை ஜாஸ்தி. இதையா வெட்டப் பாத்தாங்க?"

டெல்மர் சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையானது. "தனிக்கட்டைடா நான். அடுப்புக்கு விறகு யாரு போடுவா?"

தினமும் வேலைக்கு முன்னால் ஆர்லீன் வந்தாள். அடுப்பு மூட்டினாள், காபி வைத்தாள், ஜுரம் பார்த்தாள். மூன்றாம் வாரம் புண்ணின் ஓரம் மறுபடி கறுத்தது. டாக்டர் இரண்டு கால்விரல்களை எடுத்தார்.

"மிச்சத்தையும் வெட்டிடச் சொல்லு. அக்கா மாதிரியே நானும் போயிடுறேன்."

ஆர்லீன் அவன் காலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தேறுதலுக்குச் சில சமயம் வார்த்தை வேண்டாம், மடி போதும்.

ஜன்னலில் பனி பூத்த ஒரு காலையில் அவன் கேட்டான்: "உன் வீட்டு விறகு பிளந்தாச்சா?"

"என் விறகு எங்கயும் ஓடிடாது மாமா. நீங்கதான் ஓடாம இருக்கணும்."

ஆறு வாரம் ஒன்பதானது. புண் மூடியது. கால் தப்பியது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை டெல்மர் வேய்லன் செய்த பூட்ஸுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்து, போட்டுக்கொண்டு ஆர்லீன் வீட்டுக்கு வண்டி ஓட்டினான். அவள் மருத்துவமனையில் இருந்தாள். முற்றத்தில் மரத்துண்டுகள் பனிக்கடியில் பிளக்காமல் கிடந்தன. காலில் பாரம் படாமல் ஒரு மரக்கட்டையின்மேல் உட்கார்ந்தபடியே கைக்கோடரியால் பிளந்தான். வாசலோரம் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினான். எங்கள் வழக்கப்படி நன்றிக் காணிக்கையாக மரத்தடியில் ஒரு சிட்டிகைப் புகையிலை வைத்துக் கும்பிட்டான். அவள் திரும்புவதற்குள் போய்விட்டான்.