பல் டாக்டரின் நாற்காலி

வெள்ளம் வந்த அன்று சலூன்காரரின் சுழல் நாற்காலி தனியாகப் போகவில்லை. பாதி மீசை வழித்த நிலையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டுதான் போனது. கழுத்தில் வெள்ளைத் துணி, கன்னத்தில் நுரை, கையில் அன்றைய பேப்பர். நாற்காலி தெருத்தெருவாக மிதந்து, பாலத்தடியில் ஒரு சுற்றுச் சுற்றி, அவரை அடுத்த ஊர்க் கரையில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது. அவரும் பேப்பரைப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். மிச்சம் இருக்கும் பாதியை இன்னும் வழிக்கவில்லை. ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

ஆள் கரை சேர்ந்துவிட்டார். நாற்காலிதான் சேரவில்லை. அதற்கு ஒரு வழி செய்யும் பொறுப்பு வெள்ளச் சாருடையது.

வெள்ளச் சார் என்பது ஊர் வைத்த பேர். எல்லாம் அடித்துக்கொண்டு போன குடும்பத்தைக் கையைப் பிடித்து மறுபடி காலூன்ற வைப்பது அவர் உத்தியோகம். பொட்டலம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வேறு. இவர் கூடவே இருப்பவர். ஊறிப்போன சான்றிதழுக்கு எந்த ஜன்னலில் நிற்பது, சுவர் காயுமுன் யாரிடம் வீட்டைக் காட்டுவது, மாமியாரின் பிரஷர் மாத்திரை எது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். குடும்பம் நிமிர்ந்ததும் அதன் ஃபைலை மூடி அலமாரியில் வைப்பார்.

அங்கேதான் வினை. ஆற்றைக் கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, கரையேறிவிட்டால் நீ யாரோ நான் யாரோ. ஃபைல் மூடுகிற அன்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். அடுத்த வாரம் இவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முகாம் போட்டிருந்த பள்ளிக்கூட வராந்தாவில், யாரோ கொடுத்த உடுப்பில், மெஷினைப் பறிகொடுத்த தையல்காரம்மா குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். இன்று புது மெஷினில் கடகடவென்று தைக்கிற அம்மாவுக்கு அந்த வராந்தா எதற்கு?

வெள்ளச் சார் குடையோடு வெளியே இறங்கினால் தெருவில் கொடித்துணியெல்லாம் உள்ளே ஓடும். அண்ணாந்து வானத்தைப் பார்த்தால், "சார், சும்மா இருங்க சார்!" என்று ஜன்னலிலிருந்து அதட்டல் வரும். அவர் இருந்த ஒற்றை அறையில் பேச்சுத்துணைக்கு ஒரு மின்விசிறிதான். அதுவும் எதைச் சொன்னாலும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டும்.

கடைசியாகத் திறந்திருந்தது சலூன்காரரின் ஃபைல் ஒன்றுதான். கடைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கண்ணாடி, கத்தி, கத்தரி, லைசென்ஸ் எல்லாம் வந்தாயிற்று. நாற்காலி இல்லாமல் கடை திறக்க மாட்டேன் என்று சலூன்காரர் அக்கா வீட்டு நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முடி வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளச் சார் வாரம் தவறாமல் அங்கே போவார். அவருடையது வழுக்கைத் தலை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடலாம், அந்தத் தலைக்கும் கத்தரிக்கும் போட முடியாது. ஆனாலும் சலூன்காரர் துணியை உதறிப் போர்த்தி, காதோரம் ஒட்டியிருந்த நாலு முடியை அவ்வளவு நிதானமாக வெட்டுவார்.

"என்ன சார், போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் அடர்த்தியா தெரியுது?"

"உங்க கைராசிதான்."

"இப்படியே போனா அடுத்த வருஷம் வகிடு எடுத்துரலாம்."

இந்தப் பேச்சுக்காகத்தான் வெள்ளச் சாருக்கு அந்த வாரம் முழுக்கப் பொழுது விடியும்.

உண்மை என்னவென்றால், நாற்காலி கிடைத்து வெகுநாள் ஆகிவிட்டது. மூடப்போகிற பல் ஆஸ்பத்திரி ஒன்று தன் நாற்காலியை நன்கொடையாக அனுப்பியிருந்தது. சுழலும், சாயும், மிதித்தால் உயரும். அதை நிவாரணக் கிடங்கில் கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு தார்ப்பாயையும் போட்டு வைத்திருந்தார் வெள்ளச் சார். மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நாற்காலி போனால் ஃபைல் மூடும். ஃபைல் மூடினால் காதோரத்து நாலு முடியைப் பற்றி விசாரிக்க உலகத்தில் ஓர் ஆள் இருக்காது.

ஒருநாள் சலூன்காரர் தண்ணீர் பிடிக்க உள்ளே போன நேரம் பார்த்து அக்கா வெளியே வந்தார்.

"ஏன் சார், என் வீட்டு நடை பூரா முடி. சாம்பார்லகூட வருது. இவன் எப்பதான் கடைக்குப் போவான்?"

"தேடிக்கிட்டுதான்மா இருக்கோம்."

"தேடுறீங்க, தேடுறீங்க. கடல்ல விழுந்த ஊசியக்கூட இந்நேரம் எடுத்திருக்கலாம்." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார். "அவன் காலப் பாத்தீங்களா சார்? நீங்களே பாருங்க."

சலூன்காரர் திரும்பி வந்து துணியைப் போர்த்தினார். வெள்ளச் சார் கீழே பார்த்தார். காதோரத்துக்குக் குனிய வேண்டி வந்தபோதெல்லாம் சலூன்காரரின் வலது கால் தானாக முன்னால் போய், இல்லாத மிதியைத் தேடித் தரையை அழுத்தியது. பிளாஸ்டிக் நாற்காலி உயரவில்லை. கால் ஒரு கணம் அங்கேயே நின்று, வெட்கப்பட்டதுபோல் பின்னால் வந்தது. அப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன சார், இன்னைக்கு பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. கழுத்துல முடி குத்துது."

அன்று மதியம் வெள்ளச் சார் நின்றபடியே சாப்பிட்டார். பிறகு எண்ணெய் கேனை எடுத்து நாற்காலியின் ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட்டு, கிரீச் என்ற சத்தம் அடங்கும்வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கடை திறப்பு விழாவுக்குக் கூட்டமான கூட்டம். ஒரேயொரு தொந்தரவு, பல் டாக்டர் நாற்காலி என்பதால் உட்கார்ந்த ஒவ்வொருவரும் பழக்கதோஷத்தில் வாயைப் பிளந்தார்கள். "வாய மூடுங்கண்ணே, நான் தலைக்குத்தான் டாக்டர்" என்று சொல்லிச் சொல்லிச் சலூன்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த ஊரிலிருந்து பாதி மீசைக்காரரும் வந்து மிச்சத்தை முடித்துக்கொண்டு போனார். போகும்போது நாற்காலி மிதக்குமா என்று தட்டிப் பார்த்தார்.

சலூன்காரர் வெள்ளச் சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கள மறப்பேனா சார்?"

"மறந்தாதான் என் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார் வெள்ளச் சார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஃபைல் மூடியது. வெயில் காலம் வந்தது. காதோரத்து நாலு முடி காலர்வரை இறங்கியது. ஒரு சாயங்காலம் வெள்ளச் சார் அந்தத் தெரு வழியாக வர வேண்டியிருந்தது. சலூன்காரருக்கு எதற்குச் சிரமம் என்று தானே முன்கூட்டி எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து கடை நன்றாகத் தெரிந்தது. நாற்காலியில் ஒருவர், அவருக்குப் பின்னால் கத்தரியோடு சலூன்காரர். வலது கால் மிதியை அழுத்தியது, நாற்காலி உயர்ந்தது. முதுகு வளையவில்லை. சலூன்காரர் கண்ணாடியில் எதிர்ச்சாரியைப் பார்த்தார். கத்தரி நின்றது. பிறகு கண்ணாடியில் தெரு படாதபடி நாற்காலியைப் பக்கத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார்.

வெள்ளச் சார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். நாற்காலி கிரீச்சிடவே இல்லை.