கடைசி மேசைக்குக் கட்டிய கட்டு

1

இந்தக் கதை எனக்குக் கல்லடிப் பாலத்தில் கிடைத்தது, இரண்டாம் கியரில். எனக்குக் கார் பழக்கிய றோய் பக்கத்து இருக்கையிலிருந்து சொன்னான். பின்னால் ஒரு பஸ்காரர் விடாமல் ஹோன் அடித்துக்கொண்டிருந்ததால் சில இடங்கள் காதில் விழவில்லை. விழாத இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன். எங்கள் தொழிலில் இதற்குக் கற்பனை வளம் என்று பெயர். மற்றத் தொழில்களில் வேறு பெயர்.

இது காட், அதாவது சீட்டு, விளையாட்டைப் பற்றிய கதை. காசு வைத்து ஆடுவது அல்ல. (இதை றோய் தன் மாமியாருக்குப் பல வருடங்களாக விளங்கப்படுத்தி வருகிறான். அவர் இன்னும் அவனுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வருகிறார்.) இதில் ஆளுக்கு ஐம்பது காட். மந்திரவாதி, போர்வீரன், மிருகம் என்று ஆயிரக்கணக்கில் கிடக்கும் காட்களில் எந்த ஐம்பது என்பதை அவரவரே தெரிவுசெய்து, ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். எதிராளியின் இருபது உயிரையும் தீர்ப்பவர் வென்றவர். விளையாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அது நீளமான ஆங்கிலப் பெயர். காத்தான்குடியில் ஒருவர் உச்சரிப்பதுபோல இன்னொருவர் உச்சரிப்பதில்லை. எல்லாருக்கும் அது ‘காட்’தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

களப்பின்மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு தோணி, அதில் ஒரு தனி—

(நிறுத்திவிட்டேன். மட்டக்களப்புக் கதை என்றால் களப்பும் தோணியும் வந்தாகவேண்டும், இரண்டாம் பக்கத்துக்குள் அந்தப் பேர்போன மீன் பாடவேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தோணியில் ஏற்றுவதற்கு என்னிடம் ஆள் இல்லை. றோய்க்குத் தோணியில் ஏறினால் தலை சுற்றும்.)

இரண்டாம் முயற்சி:

ஒவ்வொரு மனிதனும் தன் கையில் விழுந்த விதியை—

(இதற்கு எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாம் முயற்சி:

றோய்க்கு நௌஷாட்டை வெல்ல வேண்டும்.

இது போதும்.

3

நௌஷாட் காத்தான்குடியில் தன் மச்சானின் புடவைக்கடையில் நிற்பவன். துணியை விரித்துக் காட்டி முடிப்பதற்குள் விற்று முடித்துவிடுவான். அவன் விளையாடுவதும் அப்படித்தான். அவனுடைய கட்டு முழுக்கத் தீ. முதல் முறையிலேயே ஒரு நெருப்புப் பறவையை இறக்கி, நீங்கள் உங்கள் காட்களை ஒழுங்காகப் பிடிப்பதற்குள் பாதி உயிரை எரித்துவிடுவான்.

றோய் வேறு சாதி. சாரதிப் பயிற்றுநர். பயிற்சிக் காரில் அவன் பக்கம் பிறேக் மட்டும் உண்டு, அக்சிலரேட்டர் கிடையாது. பதினைந்து வருடம் அந்த இருக்கையில் இருந்தவன் எப்படி விளையாடுவான் என்று நினைக்கிறீர்களோ, அப்படியே விளையாடினான். அவன் கட்டு முழுக்க மதில். கல்மதில், முள்மதில், பேசும் மதில். எதிராளி அடித்து அடித்துக் களைத்து, மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கும்போது, மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டு யானையை மெதுவாக நடத்தி வந்து கதையை முடிப்பான்.

இருவரும் சிநேகிதர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடையின் மேல்மாடியில், உடைந்த உடுப்புப் பொம்மைகளுக்கு நடுவே, துணி வெட்டும் மேசையில் விளையாடுவார்கள். ஆனால் அதே மேல்மாடியில் ஊர்கூடி நடக்கும் போட்டிகளில் றோய் ஒருமுறைகூட நௌஷாட்டை வென்றதில்லை. அங்கே மட்டும் மதில் எழும்ப முதல் வீடு எரிந்துவிடும்.

(ஒரு தமிழனும் ஒரு முஸ்லிமும் சிநேகிதர்கள் என்பதால் இதை நல்லிணக்கக் கதை என்று யாராவது எடுத்துக்கொண்டு பரிசு தந்தால் மறுக்கமாட்டேன். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் தோற்கடிப்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

4

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் றோய் கடைக்குப் போனான். நௌஷாட் ஒரு பெண்ணுக்கு அபாயாத் துணி அளந்துகொண்டே சொன்னான்.

“மச்சான், விசா வந்திட்டு.”

“எங்க?”

“தோஹா. போட்டி ஞாயிறு எண்டா, புதன் எனக்குப் பயணம்.”

“ஆ.”

“ஆ எண்டா?”

“நல்லம் எண்டுறன்.”

“போட்டிக்கு நிப்பன். பயப்பிடாத.”

“ஆருடா பயப்பிடுறது?”

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் றோயின் நெஞ்சுக்குள் இறங்கிப் பிரிவுத்துயரை அள்ளி வந்திருப்பார். நானும் இறங்கிப் பார்த்தேன். அங்கே இருந்தது இவ்வளவுதான்: போகிறானே, இன்னும் ஒரு போட்டியில்கூட வெல்லவில்லையே. அதற்குக் கீழேயும் ஏதோ கிடந்தது. றோய் அதைத் தொடவில்லை, எனவே நானும் தொடவில்லை.

5

கட்டுக் கட்டுவது எழுதுவதைப் போன்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஐம்பதுதான் கொள்ளும், ஒன்றைச் சேர்த்தால் ஒன்றைக் கழிக்கவேண்டும், கழிப்பதுதான் கஷ்டம். (இந்த ஒப்பீட்டை வேறு பலர் ஏற்கெனவே பாவித்திருப்பார்கள். கழிக்கிறேன்.)

றோய் கழித்தது மதில்களை. கல்மதில் போனது, முள்மதில் போனது, பேசும் மதிலைப் பிரிய முடியாமல் ஒருநாள் வைத்திருந்துவிட்டு அதையும் எடுத்தான். அந்த இடங்களில் ‘மழை’ வந்தது. மழை விழுந்தால் மேசையிலுள்ள தீக் காட்கள் எல்லாம் அணையும். ‘நனைந்த விறகு’ வந்தது. அது கிடக்கும்வரை எதிராளி தீயே போட முடியாது. தீக்கு எதிராக உலகத்தில் எத்தனை காட் அச்சடித்தார்களோ அத்தனையும் வந்தன. தீ இல்லாத எதிராளிக்கு முன்னால் அவை வெறும் படங்கள்.

(போட்டிக்கு வரும் மற்றவர்கள் இப்படி மினக்கெடுவதில்லை. ஏறாவூரில் ஜெராட் என்று ஒருவன் இருக்கிறான். இன்ரநெட்டில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் உலகக் கிண்ணம் வென்ற கட்டை அப்படியே பார்த்து அடுக்கிக்கொண்டு வருவான். சொந்தமாக யோசிக்காதவன் உருப்படமாட்டான் என்பது றோயின் உறுதியான நம்பிக்கை. பின்னால் வருகிறான், பாருங்கள்.)

ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும். றோயின் மனைவி டினோஷா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வேலை முடிந்து வந்து தேத்தண்ணீர் குடிக்க முதல் அவள் கையில் நௌஷாட்டின் கட்டை வைத்தான். ஞாபகத்திலிருந்து, கடதாசித் துண்டுகளில் பெயர் எழுதிச் செய்த கட்டு. அவள் நெருப்புப் பறவையை இறக்கினாள். மழை பெய்தது. திரும்ப இறக்கினாள். திரும்பப் பெய்தது. நாலாவது ஆட்டமும் தோற்றபோது அவள் கடதாசிகளைக் கீழே வைத்தாள்.

“இஞ்சாருங்க, இந்தக் கட்டால நௌஷாட்டத் தவிர வேற ஒருத்தரையும் வெல்ல ஏலாது.”

“வேற ஆர வெல்லணும்?”

“அப்ப என்னத்துக்குப் போட்டி? ஆள வீட்ட கூப்பிட்டு விளையாடுங்களன். புட்டு அவிச்சுத் தாறன்.”

“வீட்ட வெண்டா ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

றோய் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. டினோஷா படுக்கப் போனாள். இந்தப் பாத்திரத்தை இன்னும் வளர்த்திருக்கலாம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அவள் இரவு வேலைக்குப் பிறகு நித்திரை கொள்ளவேண்டும். நான் வளர்த்து எழுப்பவில்லை.

6

போட்டியின் விதியொன்றை இங்கே சொல்லவேண்டும். முதல் சுற்றில் யார் யாரோடு என்பது சீட்டுக் குலுக்கல். அதன்பிறகு வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. மேலே போகிறவர்கள் முதல் மேசையை நோக்கி நகர்வார்கள், மற்றவர்கள் படிக்கட்டுப் பக்கமுள்ள கடைசி மேசையை நோக்கி.

நௌஷாட் எப்போதும் முதல் மேசைக்காரன். யாரையும் வெல்ல முடியாத கட்டோடு றோய் அவனை எப்படிச் சந்திப்பான்?

றோய் இதை யோசிக்காமலில்லை. முதல் சுற்றுக் குலுக்கலில் இருவர் பெயரும் சேர்ந்து வரவேண்டும் என்று ஞாயிறு காலை முதல் பூசையில் முழங்காலில் நின்று கேட்டான். அதுதான் அவனுடைய முழுத் திட்டமும்.

குலுக்கலில் அவனுக்கு ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒருவர் விழுந்தார். அவருடைய கட்டு முழுக்கப் பேய்கள். பேய்களுக்கு மழை பிடிக்கும் போலிருந்தது. றோய் தோற்றான். அடுத்த சுற்றிலும் தோற்றான். மதியம் ளுஹர் தொழுகைக்கு இடைவேளை விட்டபோது சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துவைத்துக்கொண்டு, முதல் மேசைப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான். பார்த்திருந்தால் அங்கே நௌஷாட் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

(இங்கே நான் ஒரு பந்தி எழுதிக் கிழித்தேன். தோல்வி மனிதனுக்குக் கற்றுத்தருவது என்னவென்றால்— என்று தொடங்கியது. றோய்க்கு அது எதையும் கற்றுத்தரவில்லை. மூன்றாம் சுற்றிலும் அதே மழையோடு போய் அதேபோலத் தோற்றான்.)

கடைசிச் சுற்றுக்கு ஸாதியா பெயர் வாசித்தாள். சட்டம் படிக்கிற பிள்ளை, போட்டிக்கு நடுவர். தன் வாப்பாவே விதியை மீறினாலும் எழுப்பி அனுப்பிவிடுவாள் என்று பேர்.

“கடைசி மேசை. றோய்,” என்றாள். தாளை இன்னொரு முறை பார்த்தாள். “நௌஷாட்.”

7

நௌஷாட் வந்து இருந்தான். முகத்தில் வெட்கமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

“என்னடாப்பா, நீ இஞ்ச?” என்றான் றோய்.

“எல்லாத்தையும் தோத்திட்டன்.”

“நீயா?”

“போடு மச்சான், போடு.”

றோய் கட்டைக் கலைத்து அடுக்கினான். கேட்டது கிடைத்துவிட்டது, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் கீழே. அவன் முதல் முறையிலேயே ‘நனைந்த விறகை’ மேசையில் வைத்தான். இரண்டு கிழமையாகக் கனவில் கண்ட காட்சி. இனி நௌஷாட்டால் தீ போட முடியாது.

நௌஷாட் அதைப் பார்த்தான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு காட்டை வைத்தான். ‘உளி’. எதிராளியின் மதிலை உடைக்கும் காட். அதை றோயின் பக்கம் நீட்டினான். அங்கே உடைக்க ஒன்றுமில்லை.

“உன்ட மதில் எங்க?”

“கழட்டிட்டன்,” என்றான் றோய். “உன்ட தீ?”

“வீட்ட வச்சிட்டு வந்தன்.”

“என்னத்துக்குடா?”

“உன்ன வெல்லத்தான்.”

ஒருவன் தீக்காகக் கட்டியிருந்தான், மற்றவன் மதிலுக்காகக் கட்டியிருந்தான். மேசையில் தீயும் இல்லை, மதிலும் இல்லை.

“எல்லாப் போட்டியிலயும் நீதானே வெல்றாய்,” என்றான் றோய். “உனக்கு என்ன குறை?”

“போட்டியில வெண்டு என்ன? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்ன இருத்தி வச்சு அந்தக் கிழட்டு யானையக் கொண்டு மிதிப்பாய். போக முதல் ஒருக்கா அந்த மதில உடைச்சிப் பாக்கணும் எண்டு நினைச்சன்.”

“அது சும்மா விளையாட்டு.”

“எனக்கு அதுதான் விளையாட்டு.”

றோய் ஒரு காட் எடுத்தான். மழை. வைத்துக்கொண்டான்.

முதல் மேசையில் கைதட்டல் கேட்டது. ஜெராட் வென்றுவிட்டான். சொந்தமாக ஒரு நொடி யோசிக்காமல், வெளிநாட்டுக்காரன் சொன்ன வரிசையில் காட்களை இறக்கி, எல்லாரையும் வென்று, கிண்ணத்தோடு செல்பி எடுத்தான். (நீதி கேட்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.)

கடைசி மேசையில் யுத்தம் வேறு மாதிரி நடந்தது. இருவரிடமும் உருப்படியாக இருந்தது இடம் நிரப்ப வைத்த காவற்காரர்கள் மட்டும். ஒரு காவற்காரன் அடித்தால் ஓர் உயிர் போகும், அவ்வளவுதான். சும்மா கிடந்த மழையையும் உளியையும் கையில் பிடித்துக்கொண்டு, காவற்காரனால் காவற்காரனை அடித்து, ஒவ்வொரு உயிராகக் குறைத்தார்கள். அந்த மேல்மாடியில் அன்று நடந்த ஆட்டங்களில் இதைவிட மோசமானது இல்லை என்று ஸாதியா பிறகு சொன்னாள். மற்றவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு விளையாடினார்கள்.

ஸாதியா வந்து நின்றாள்.

“நேரம் முடிஞ்சி. இனி ஆளுக்கு ஒரு முறைதான்.”

“அதுக்குள்ள முடியாட்டி?” என்றான் நௌஷாட்.

“சமன். ரெண்டு பேரும் கடைசி.”

“வெண்டா?”

“கடைசிக்கு முதல் ஆள்.”

நௌஷாட்டிடம் ஓர் உயிர் மிச்சம். முறை றோயினுடையது. அவன் காட் எடுத்தான், பார்த்தான்.

8

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். சிநேகிதன் நாடுவிட்டுப் போகிறான், றோய் பெரிய மனது பண்ணி அந்தக் காட்டை மறைத்துவிடுவான் என்று.

மறைக்கவில்லை. காவற்காரனை மேசையில் வைத்தான், நௌஷாட்டை நோக்கித் தள்ளினான். “அடி,” என்றான். விட்டுக்கொடுத்திருந்தால் நௌஷாட் ஆயுளுக்கும் மன்னித்திருக்கமாட்டான்.

அடியைத் தடுக்கும் காட் இருந்தால்தான் தப்பலாம். நௌஷாட்டின் கையில் இரண்டு காட்கள் இருந்தன. இனி முடிவு.

முடிவு அ: அதில் ஒன்று தடுக்கும் காட். ஆட்டம் சமன். விமானநிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து— (கட்டுநாயக்காவுக்கு இங்கிருந்து ஒரு இரவுப் பயணம். திங்கள் தொடக்கம் றோய்க்கு வகுப்பு. போகமாட்டான்.)

முடிவு ஆ: இரண்டும் உளி. றோய் வெல்கிறான், வெற்றி வெறுமையாக இருக்கிறது. (இதை எழுதுகிறவர்கள் ஒருபோதும் எதையும் வென்றிருக்கமாட்டார்கள்.)

முடிவு இ: தடுக்கும் காட் இருந்தும் நௌஷாட் அதைக் காட்டாமல் தோற்றுப்போகிறான். (அப்படியானால் றோய் அவனைப் புதன்கிழமைவரை உயிரோடு விட்டிருக்கமாட்டான்.)

உண்மையில் நடந்ததை றோய் எனக்குச் சொன்னான். நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இருக்கிற இரண்டு காட்களையும் உங்களிடமே தருகிறேன். அவை என்ன காட் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புரட்ட முதல், றோய் இருந்த கதிரையில் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். பதில் வரும்வரை ஆட்டம் முடியாது. பதில் வந்தால் எழும்பவேண்டும்.

நௌஷாட் காட்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஸாதியா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏதோ நினைத்து, கதிரைகள் அடுக்கும் பக்கம் போனாள்.

“பொறு மச்சான்,” என்றான் நௌஷாட், தலை நிமிராமல். “யோசிக்கிறன்.”

“யோசி,” என்றான் றோய். “ஆறுதலா யோசி.”