மாதா காருக்குப் பெரிய எஞ்சின்

போன வருஷத் திருவிழாவில் என் கார் கோயில் ஏற்றத்தில் பாதி வழியில் நின்றது. பின் சீட்டில் மாதா சுரூபம். முன்னாலும் பின்னாலும் செபமாலை சொல்லிக்கொண்டு சனம். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுச் செத்துப்போனது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து தள்ளித்தான் மாதாவைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தள்ளினவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். கண்ணாடியில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ரெஜினோல்ட் எழுந்தான். என் மனைவி மரியாயியின் அண்ணன் மகன், திருவிழாக் கமிட்டித் தலைவன். பட்டா என்று எல்லோரும் சொல்கிற சின்ன லொறி ஒன்று வைத்துத் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிறான்.

"அடுத்த வருஷம் மாதா என் பட்டாவுல போகட்டும் மாமா. உங்களுக்கு வயசாயிருச்சு."

"காருக்கா எனக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சனம் சிரித்தது.

"கொழுந்து சாக்கு ஏத்துற லொறியிலயாடா மாதாவ ஏத்துவ?"

"கழுவிட்டுத்தானே மாமா ஏத்துவேன். உங்க கார நீங்க எப்ப கழுவினீங்க?"

எங்கள் பங்குச் சாமி பாதர் டெனிஸ் இரண்டு பக்கமும் நோகாமல் பேசுகிற ஆள். "அடுத்த திருவிழாவுக்குள்ள கார் அந்த ஏத்தத்த ஏறுமுன்னா கார்லயே போவோம், ஞானப்பிரகாசம். இல்லாட்டி லொறி" என்று சொல்லி எழும்பிவிட்டார்.

என் அப்பா பெரிய துரைக்கு டிரைவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் துரை சீமைக்குப் போகும்போது இந்த மொரிஸ் மைனரை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். மேல்துணியை மடித்துப் பின்னால் போடுகிற ஜாதிக் கார். அன்பில் கொடுத்தார் என்று அப்பா சாகும்வரை சொன்னார். நான் நம்பவில்லை. அப்போது காரை வாங்க ஆள் இருக்கவில்லை, அதுதான் விஷயம். எப்படியோ வந்தது. லயத்து மனிதனுக்குக் காணி இல்லை, அந்த வரிசை வீடும் தோட்டத்துடையது. எங்கள் குடும்பத்தில் ஒருவன் செத்து அடுத்தவனுக்கு வந்த பொருள் என்றால் இந்தக் கார் ஒன்றுதான். மேல்துணியை மடித்துப் பின் சீட்டில் பலகை போட்டால் மாதாவை நிறுத்தலாம் என்பதால் அப்பா காலத்திலிருந்து திருவிழாவுக்கு இதுதான் தேர். மற்ற நாளெல்லாம் என்னை ஒரு கிழவன் என்றுகூடத் திரும்பிப் பார்க்காத சனம் அந்த ஒரு நாள் வழிவிட்டு நிற்கும். அதை ரெஜினோல்டுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

கஹவத்தையில் மெக்கானிக் மஷூர் பாஸின் கராஜுக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். நல்ல வேலைக்காரன் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"இந்த எஞ்சின் இனி ஏத்தத்துக்குச் சரிவராது ஐயா. பெருசு ஒண்டு போடுவம். வேன் எஞ்சின். எங்க ஓட்டுற கார்? டவுனா, மலையா?"

"மலை."

"என்னத்துக்கு?"

"ஏறுறதுக்கு."

"அது விளங்குது. என்ன பாரம்? எப்பிடி ஓட்டம்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? ஏத்தத்துல நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஏன் இத்தனை கேள்வி? ரெஜினோல்டின் லொறியும் இதே கராஜுக்குத்தான் வருகிறது. மாதா கார் என்று தெரிந்தால் கதை அவன் காதுக்குப் போகும். பிறகு என் கார் திருவிழா முடியும்வரை கராஜிலேயே கிடக்காது என்று யார் சொல்வது?

எஞ்சின் நிவித்திகலவில் இருந்தது. மாணிக்கக் குழி ஒன்றின் வாயில் மரச்சட்டத்தில் பூட்டி, வருஷக்கணக்கில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எஞ்சின். மஷூரைத் தனியாக அனுப்பினால் எதைத் தூக்கிக்கொண்டு வருவானோ, நானும் போனேன். குழிக்காரன் சிங்கள ஆள். "ஹொந்த எஞ்ஜிமக் சீயே, தவசக்வத் நெவதுனே நே" என்றான். நல்ல எஞ்சினாம், ஒரு நாள்கூட நின்றதில்லையாம். நல்ல எஞ்சினை எவன் விற்பான்? கேட்டேன். குழி முடிந்துவிட்டது என்றான். போய்ப் பார்த்தேன். மண் போட்டு மூடித்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் சரி என்றேன். காசு எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் மரியாயிக்கும் உள்ள சங்கதி.

அன்றிலிருந்து காலை பஸ்ஸில் போய் கராஜில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருப்பேன். எதைக் கழற்றுகிறார்கள், எதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எஞ்சின் உள்ளே இறங்கவில்லை. குறுக்குச் சட்டத்தை வெட்டினார்கள். ரேடியேட்டரில் முட்டியது. அதை முன்னால் தள்ளினார்கள். கியர் பெட்டியும் வேனுடையது, அதனால் காலடித் தகட்டை வெட்டினார்கள். கடைசியில் பொனட் மூடவில்லை. தகடு வைத்து ஒட்டி அதற்கு ஒரு கூன் எழுப்பினார்கள். அப்பாவின் கார் என்று அடையாளம் சொல்ல மிஞ்சியது கதவும் விளக்கும்தான்.

"இன்னும் என்னத்த வெட்டப் போற?"

"எஞ்சின வெட்ட ஏலாதே ஐயா. அதுதான் கார வெட்டுறன்."

"வாய் நல்லாத்தான் வேல செய்யுது. கையத்தான் காணோம்."

"நீங்க பாத்துக்கொண்டே இருந்தா கை நடுங்குது. போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்களே."

"நான் பிளேன்டீ குடிக்கப் போனா நீ எதக் கழட்டுவ?"

பழைய எஞ்சினை அவனிடம் விட்டுவைக்கவில்லை. லொறி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் இறக்கிச் சாக்குப் போட்டு மூடினேன். லயத்து வாசல் எவ்வளவு அகலம்? மரியாயி குடத்தோடு ஒருக்களித்து நுழைந்தாள்.

"வீட்டுக்குள்ள எஞ்சின் வந்திருச்சு, நான்தான் வெளிய நிக்கணும் போல" என்றாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள்தான் கார் கைக்கு வந்தது. சாவியைக் கொடுக்கும்போது மஷூர் சொன்னான்:

"ஐயா, இது குழியில ஒரே வேகத்துல ஓடிப் பழகின சாமான். கீழ இறக்கினா அணைஞ்சிரும். அதனால கொஞ்சம் கூட்டி வச்சிருக்கன். மெதுவா ஊர்ந்து போற தேவ ஒண்டும் இல்லதானே? இருந்தா சொல்லுங்க, இன்னும் ஒரு கிழம வச்சுப் பாப்பம்."

இன்னும் ஒரு கிழமையாம். திருவிழா நாளைக்கு. நான் நினைத்தது சரியாகப் போயிற்று. "ஒண்ணும் தேவல்ல, சாவியக் குடு" என்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் கார் பறந்தது. முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் ஓரம் வந்து, "சீயே, ரேஸ் தமய்?" என்று இந்தத் தாத்தாவைப் பார்த்துக் கத்தினான். ரேஸ்தான் என்று அவனைப் பின்னால் விட்டேன். கோயில் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறிற்று. ரெஜினோல்ட் லொறியைக் கழுவிக் கொடியெல்லாம் கட்டி ரோட்டோரத்தில் தயாராக வைத்திருந்தான். என் கார் போவதைக் கண்டு கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தான். அன்றைக்கு இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பின்நேரம் தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கில் உள்ள மாதா கெபியிலிருந்து சுரூபத்தைக் காரில் ஏற்றினார்கள். வழக்கம்போல் மரியாயி பின் சீட்டில் உட்கார்ந்து சுரூபத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொடி பிடித்தவர்கள் முன்னால், பூத்தட்டுப் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால், பிறகு நாங்கள். பாதர் செபமாலையைத் தொடங்கினார். நான் முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

கார் பாய்ந்தது. பூத்தட்டுகள் இரண்டு பக்கமும் சிதறின.

"ஐயோ, மாதா!" என்று மரியாயி கத்தினாள். "என்னா மனுஷா, பிரைவட் பஸ்ஸா ஓட்டுற?"

பிரேக்கை மிதித்தேன். நின்றது. மறுபடி விட்டேன். மறுபடி பாய்ந்தது. எக்ஸிலேட்டரில் நான் காலே வைக்கவில்லை. அதுவாகப் போகிறது. ரோட்டோரத்தில் நிறுத்திப் பொனட்டைத் திறந்து வேகத்தைக் குறைத்தேன். அணைந்துபோனது. கூட்டினேன். பாய்ந்தது. நடுவில் ஒன்று அதனிடம் கிடையாது. கிளச்சைப் பாதி மிதித்துக்கொண்டே போனேன். வெட்டின தகட்டு வழியாகக் கருகின வாடை வந்தது.

ரெஜினோல்ட் ஓரமாக நடந்துவந்து குனிந்தான். "மாமா, மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான்டா போறேன்."

"இதா மெதுவு?"

"இதுக்கு மேல மெதுவா இதுக்குத் தெரியாதுடா!"

மஷூர் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும். மலையா டவுனா என்று கேட்கத் தெரிந்தவனுக்கு, சனத்தோடு நடக்கிற காரா என்று கேட்கத் தெரியாதா?

இப்படியே லயங்களைத் தாண்டிக் கோயில் ஏற்றத்தின் அடிக்கு வந்துவிட்டோம். கிளச் வாடை இப்போது புகையாகவே வந்தது. இந்த ஏற்றத்தில் நின்று நின்று போனால் நடுவில் செத்துவிடும். போன வருஷம் நின்ற அதே இடத்தில், அதே சிரிப்பு. பிறகு என்றைக்கும் லொறிதான். ஏறுமுன்னா கார் என்று பாதர் சொன்னார். ஏற்றிக் காட்டிவிட்டால் போதும்.

ஹோனை அடித்தேன். மாதா ஊர்வலத்தில் அதுவரை யாரும் ஹோன் அடித்ததில்லை. கொடிக்காரர்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கினார்கள். காலை அழுத்தினேன்.

அப்படி ஒரு ஏற்றம் அந்தக் கார் பிறந்த நாளிலிருந்து ஏறியிருக்காது. மரியாயி பின்னால் அலறிக்கொண்டே வந்தாள். மாதாவைக் கூப்பிடுகிறாளா என்னைத் திட்டுகிறாளா என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கிறவன் ஒருவனும் இல்லை. ஒருவனுமே இல்லை.

கோயில் வாசலில் உதயராஜ் நின்றான். கஹவத்தை பசாரில் கடை வைத்திருக்கிறவன், வருஷாவருஷம் பட்டாசு அவன் பொறுப்பு. மாதா வந்ததும் கொளுத்த வேண்டும் என்பது அவனுக்குச் சொன்ன வேலை. மாதா வந்துவிட்டாள். கொளுத்திவிட்டான். பட்டாசு முழுவதும் வெடித்து முடிந்தது. பார்க்க நானும் மரியாயியும் மாதாவும்தான்.

"சனம் எங்க அண்ணே?" என்றான்.

"வருது."

கீழே செபமாலை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கொஞ்ச நேரத்தில் ரெஜினோல்ட் மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"மாதாவக் கீழ கொண்டுட்டு வரட்டாம் மாமா. பாதர் சொல்றாரு. சனம் யாருக்குப் பின்னால நடக்கும்?"

"ஏறுச்சா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

"ஏறுச்சு. யாரு இல்லன்னா? நாங்கதான் ஏறல."

எஞ்சினைப் போட்டேன். எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. கிளச் முடிந்திருந்தது. நிறுத்திவிட்டு, காரைத் திருப்பித் தள்ளச் சொல்லி, உதயராஜும் ரெஜினோல்டும் தள்ள, பிரேக்கிலேயே கீழே இறங்கினேன். எஞ்சின் பெரிது, பிரேக் அப்பா காலத்துப் பிரேக். முன்பாரம் இழுத்த இழுப்பில் இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன். மரியாயி ஒரு கையால் மாதாவையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டாள்.

கீழே பாதர் என்னைப் பார்த்தார். "எஞ்சின நிப்பாட்டுங்க, ஞானப்பிரகாசம்."

"அது செத்துப்போய் எவ்வளவு நேரம் பாதர்."

"நல்லது" என்றார். சனத்தைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் கை வைங்க."

அவர் சொல்லி முடிக்கவில்லை, அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் எட்டி நின்ற பொம்பளைகள் எல்லாம் மட்கார்டைப் பிடிக்க முண்டினார்கள். "தள்ளு, எனக்கு நேத்திக்கடன் இருக்கு" என்றாள் ஒருத்தி. "போன வருஷம் இவ தள்ளினா, மகளுக்குக் கல்யாணம் சரிவந்துச்சு. இந்த வருஷம் எஞ்சின் போட்டுட்டாருன்னு கேட்டு மனசே விட்டுப்போச்சு" என்றாள் இன்னொருத்தி, பக்கத்தில் நின்றவளைக் காட்டி. கல்யாணம் தள்ளினதால் வந்ததாம். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் கிடைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது?

செபமாலை மறுபடி தொடங்கியது. கார் நகர்ந்தது. எந்தக் கியராலும் வராத வேகம், கொடிக்குப் பின்னால், பூத்தட்டுக்குப் பின்னால், அடி அடியாக. எனக்கு ஸ்டியரிங்கைத் திருப்புவது மட்டும்தான் வேலை.

பாதி ஏற்றத்தில் பின்னால் ஒருவன் முனகினான். "போன வருஷம் இவ்வளவு பாரம் இல்லியேப்பா."

"போன வருஷம் சின்ன எஞ்சின்டா!"

சிரிப்பு காரைச் சுற்றி வந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

மேலே போய்ச் சேர்ந்தோம். பட்டாசு இல்லை. உதயராஜ் வெறுங்கையோடு நின்று கும்பிட்டான். சுரூபத்தை இறக்கியதும் ரெஜினோல்ட் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே காரருகில் வந்தான். அவன் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்.

"சரிடா. அடுத்த வருஷம் உன் லொறியிலயே ஏத்து. கழுவிட்டு ஏத்து."

"லொறியா?" கோயில் வாசலில் தள்ளிச் சிவந்த உள்ளங்கையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நிற்கிற பொம்பளைகளைத் திரும்பிப் பார்த்தான். "லொறியக் கொண்டாந்தா இதுங்க என்னைய உசுரோட விடாது. கார்தான் வரணும் மாமா."

"அப்ப என் காருதான்."

"உங்க காருதான். ஆனா ஒண்ணு. அந்த எஞ்சினக் கழட்டி வச்சிட்டுக் கொண்டாங்க."

நான் மரியாயியைப் பார்த்தேன். அவள் கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டி எங்க வைப்ப?" என்றாள். "வாசல்ல ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு."