மூன்றாம் மாடிச் சாப்பாட்டுக் கடை

எங்கள் பெல்கிரேடில் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள் அது. வர வேண்டியவர்களுக்குத் தேதி தெரியும், வருவார்கள். அழைத்தால்தான் தப்பு. நாற்பது வருஷமாக இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இந்த வருஷம் அதுவே என் கழுத்தைப் பிடித்தது.

எங்கள் வீட்டுப் புனிதர் நிகோலா, டிசம்பர் பத்தொன்பது. ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் என்பதால் அன்று அக்கம்பக்கத்தார் அவரவர் வீட்டில் இருப்பார்கள். மகன் டொரோண்டோவில். எனக்கு வர வேண்டியவர் ஒரே ஒருத்தர், ஒப்ராட். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர். அப்படி நின்றவரைக் கூம் என்போம், கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். ஸ்லாவா ரொட்டியை ஒற்றை ஆளாக உடைக்கக் கூடாது. வருஷா வருஷம் என் கணவர் மிலூனும் ஒப்ராடும்தான் சேர்ந்து உடைப்பார்கள்.

போன வருஷம் வசந்தத்தில் மிலூன் போய்விட்டார். கல்லீரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் ஒப்ராடைப் பார்த்து, "நீங்க ஊத்திக் குடுத்தே என் புருஷனைக் கொன்னுட்டீங்க. இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க" என்றேன். என் வாயில் சனி. அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். மிலூனுக்கு ஊற்றிக் கொடுக்க இன்னொரு ஆள் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

போன டிசம்பர் துக்கத்தில் கழிந்தது. இந்த டிசம்பரில் அந்தச் சாக்கு இல்லை. மெழுகுவத்தி ஏற்றி, மீன் சூப்பும் அவரைப் பயறும் வறுத்த கெண்டையுமாக பழக்க தோஷத்தில் இருபது பேருக்குச் சமைத்து, வாசல் கதவைத் திறந்து வைத்தேன். மணி ஒன்று ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. ரொட்டி உடையாமல் மேசை நடுவில் இருந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எல்லாம் என் மேலேயே.

இரண்டரைக்குப் படியில் காலடிச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் முதுகுப் பையும் சிவந்த மூக்குமாக ஒரு வெளிநாட்டு ஜோடி. அறுபது வயது இருக்கும்.

"இடம் இருக்குங்களா?" என்று ஜெர்மனில் கேட்டார் அந்த ஆள். வியன்னா ஹோட்டல் ஒன்றில் ஏழு வருஷம் துணி வெளுத்தவள் நான், அந்தப் பாஷை எனக்கு வரும். ஸ்லாவா அன்று வாசலில் வந்து நிற்பவரை யாரென்று கேட்கக் கூடாது.

"இடத்துக்கு என்ன பஞ்சம்? உக்காருங்க."

உல்ஃப், ஹைக்கே என்று பெயர் சொன்னார்கள். ஊர் லைப்சிக், பழைய கிழக்கு ஜெர்மனி. வந்ததும் ஆளுக்கு ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை எடுப்பது முறை. உல்ஃப் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். போகட்டும், புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"மெனு கார்டு குடுக்கறீங்களா?" என்றார். ஜெர்மன்காரர்கள் ஜோக்கடிப்பது இப்படித்தான் போல என்று நினைத்தேன்.

"இன்னைக்கு நோன்பு, மீன் மட்டும்தான். குடுக்கிறதைச் சாப்பிடுங்க."

ஹைக்கே புருஷனை இடித்தாள். "பாத்தியா, கறாரான இடம். இந்த மாதிரி இடத்துலதான் சாப்பாடு நல்லா இருக்கும்."

நன்றாகவே சாப்பிட்டார்கள். காலையில் கோட்டை மேல் நின்று இரண்டு ஆறும் கலக்கிற இடத்தைப் பார்த்தார்களாம். அவர்கள் சின்ன வயசில் இந்த ஊருக்கு வர அவர்கள் நாட்டில் அனுமதி கிடைக்காதாம். "நாப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்த ஊரு" என்றாள் ஹைக்கே. நான் நின்றுகொண்டே பரிமாறினேன். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது.

"நீங்க ஒத்த ஆளா எவ்வளவுதான் பாப்பீங்க? முதலாளி இன்னொரு ஆளைப் போடக் கூடாதா?"

"நான்தாம்மா முதலாளி."

அவர்கள் தட்டு காலியாகக் காலியாக எனக்கு மூச்சு வந்தது. உல்ஃபையே ரொட்டி உடைக்கச் சொல்லலாம் என்று முடிவு செய்து அதைக் கையில் எடுத்தேன். அவர் பர்ஸை எடுத்தார்.

"போதும்மா, வயிறு நிறைஞ்சுடுச்சு. பில்லைக் குடுங்க."

"பில்லா? என் வீட்டுல சாப்பிட்டுட்டு பில் கேக்குறீங்களா?"

ஹைக்கேயின் முகம் காது வரை சிவந்தது. "வீடா? ஐயோ, மன்னிச்சிடுங்க. கீழே டிராம் ஸ்டாப்புல ஒரு பெரியவரைக் கேட்டோம், நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்னு. அவர் மூணு விரலைக் காட்டி, இந்தக் கட்டடத்தைக் காட்டி, கதவு திறந்திருக்கும்னு கையாலேயே சொன்னாரு."

"எப்படி இருந்தாரு?"

"நல்லா உடுத்தியிருந்தாரு. கையில பூவும் ஒரு பாட்டிலும். டிராம் வந்தும் அவர் ஏறலை."

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு மூன்று மாடியும் இறங்கினேன். தெருவுக்கு எதிரே பனியில் ஒப்ராட் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், திருட்டுப் பயல் மாதிரி.

"எத்தனை மணியிலேர்ந்து நிக்கிறீங்க?"

"பதினொண்ணு."

"ஊரான் ரெண்டு பேரை மேல அனுப்பத் தெரியுது. உங்களுக்கு வரத் தெரியலையா? ஸ்லாவாவுக்கு யாரு கூப்பிடுவா?"

"அது மத்தவங்களுக்கு, தெசங்கா" என்றார், என் பேரைச் சொல்லி மெதுவாக. "வராதேன்னு நீ சொன்னவனைக் கூப்பிட்டாத்தானே வர முடியும்? உன் மேசை காலியா இருக்கக் கூடாதேன்னு அவங்களை அனுப்பினேன்."

என் வீறாப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நீங்க கொல்லலை கூம். அன்னைக்கு எனக்கு யாரையாவது அடிக்கணும் போல இருந்துச்சு. பக்கத்துல நீங்கதான் இருந்தீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா? நான் சொல்லணும்ல. வாங்க. நான் கூப்பிடுறேன். எங்க வீட்டு ஸ்லாவாவுக்கு வாங்க."

எங்கள் வம்சத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நான்தான். அவர் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மேலே உல்ஃபும் ஹைக்கேயும் உட்காருவதா ஓடுவதா என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். இருவரையும் இழுத்து மேசையைச் சுற்றி நிறுத்தி, நாலு பேருமாக ரொட்டியைப் பிடித்துத் திருப்பி உடைத்தோம். நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்று உல்ஃபுக்கும் ஹைக்கேக்கும் ஜெர்மனில் சொன்னேன். ஒப்ராடுக்கு அதை எங்கள் பாஷையில் சொல்வதற்குப் பதில், பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன்.