அல்தின் துஸ் அறைக்கு உல்போசின் போட்ட மதிப்பெண்

"அன்பான வெற்றியாளரே, வருக" என்று தொடங்கிய கடிதத்தை உல்போசின் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கணக்குத் திறந்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு சீட்டைத் தொடவில்லை. அதற்குள் வெற்றியாளர். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து நோட்டைத் திறந்தாள். "நாலாவது நிமிடத்திலேயே பொய்" என்று முதல் வரி எழுதினாள்.

இணையத்தில் காசு வைத்துப் போக்கர் ஆடும் அறைகளை மதிப்பிடுவது அவள் பிழைப்பு. அல்மாத்தியில் அதற்கென்று ஒரு தளம் இருந்தது. எந்த அறையை நம்பிப் பணம் போடலாம் என்று ஆட்டக்காரர்கள் அங்கே வந்து பார்ப்பார்கள். உல்போசின் ஒவ்வொரு அறையிலும் தளத்தின் காசைக் கட்டி இரண்டு வாரம் ஆடுவாள், பணத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாள், உதவிப் பிரிவில் இருப்பவர்களை நச்சரிப்பாள், கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். அதற்கு முன் பதினோரு வருஷம் கொனாயெவ் ஏரிக்கரையில் ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். ஆடுகிறவர்கள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆட வைக்கிறவர்கள்மேல் அது எப்போதுமே இருந்ததில்லை.

தளத்தின் முதலாளி யெர்தெனுக்கு இருபத்தொன்பது வயது. மெல்லிய சட்டை, தடித்த கடிகாரம். அன்று காலையிலேயே கூப்பிட்டான்.

"அக்கா, அல்தின் துஸ் பாத்தீங்களா? புது ரூம். நல்லா எழுதுங்க."

"பாத்துட்டு எழுதுறேன்."

"பாக்காம எழுதுங்கன்னு நான் சொல்லலையே. பாத்துட்டு நல்லா எழுதுங்க."

"துஸ்னா எந்த துஸ்? ரஷ்யக்காரன் துஸ்ஸா, நம்ம துஸ்ஸா?"

ரஷ்ய மொழியில் அது சீட்டுக்கட்டின் ஏஸ். கசாக்கில் உப்பு.

"ஏஸ்தான்க்கா. தங்க ஏஸ்."

"உப்புன்னாலும் ஆகும். புண்ணுல தடவலாம்."

யெர்தென் சிரித்தான். அவள் சொல்வதற்கெல்லாம் சிரித்துவிட்டுத் தன் இஷ்டப்படி நடப்பது அவன் வழக்கம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

முதல் வாரம் அவள் அறையின் சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். உதவிப் பிரிவில் தியானா என்ற பெண் இருந்தாள்; வட்டப் படத்தில் அழகான பல்வரிசை. சீட்டு ஒழுங்காகக் கலைக்கப்படுகிறதா என்று யார் சோதிக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை உல்போசின் ஒரே நாளில் மூன்று முறை கேட்டாள். காலையில் தியானா, வெளியார் நிறுவனம் ஒன்று சோதிக்கிறது என்றாள். மதியம், எங்கள் பொறியாளர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். சாயங்காலம், "சீட்டு தானாகவே கலைந்துகொள்ளும், அன்பான வெற்றியாளரே" என்றாள். மூன்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, குர்த் உருண்டை ஒன்றைக் கடித்தபடி திரும்பத் திரும்பப் படித்தாள். காய்ந்த தயிரின் உப்பும் புளிப்பும் நாக்கைக் கூசவைத்தன. இந்தப் பதில்களோடு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

சின்னத் தொகை கேட்டால் இருபது நிமிடத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. பெரிய தொகை கேட்டதும் கடவுச்சீட்டு கேட்டார்கள். கொடுத்தாள். கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி படம் கேட்டார்கள். அதையும் கொடுத்தாள். பிறகு, அன்றைய செய்தித்தாளையும் சேர்த்துப் பிடித்தபடி வேண்டும் என்றார்கள். ஊரில் செய்தித்தாள் விற்கும் கடை எங்கே இருக்கிறது என்று அரைநாள் அலைந்தாள். கடைசியில் ரயில் நிலையத்தில் கிடைத்தது. படத்தை அனுப்பினாள். முகம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது.

"இதைவிடத் தெளிவா இந்த மூஞ்சி இருக்காது" என்று எழுதினாள். தியானா ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள்.

ஆனால் இதெல்லாம் எல்லா மூன்றாந்தர அறைகளிலும் உள்ளதுதான். இதற்கு நாலு மதிப்பெண்ணாவது போட்டிருப்பாள். பதினாலாம் மேசைதான் வேறு மாதிரி இருந்தது.

அந்த மேசைக்கு ஆறு நாற்காலி. அதில் நாலு பேர் எந்நேரமும் இருந்தார்கள்: ஓநாய்77, கரகோஸ், சுல்தான், மச்சான். வெளியிலிருந்து யாரும் உட்காராதபோது நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பந்தயமே கட்டமாட்டார்கள். சீட்டைக் கீழே போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஐந்தாவதாக ஒருவன் வந்து உட்கார்ந்ததும் மேசைக்கு உயிர் வந்துவிடும். முன்னால் ஒருவன் பந்தயத்தை ஏற்றுவான், பின்னால் இன்னொருவன் அதற்கும் மேலே ஏற்றுவான், வந்தவன் நடுவில் மாட்டிக்கொண்டு கட்டிய காசை விட்டுவிட்டு விலகுவான். வந்தவன் கையில் நிஜமாகவே நல்ல சீட்டு இருந்தாலோ, நாலு பேரும் யாரோ காதில் சொன்னதுபோல ஒதுங்கிவிடுவார்கள்.

மூன்று நாள் ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களை நோட்டில் குறித்தாள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் கடைசிவரை நின்று ஒருவருக்கெதிராக ஒருவர் சீட்டைக் காட்டிய ஆட்டம் அதில் ஒன்றுகூட இல்லை. கொனாயெவில் குடித்துவிட்டு வந்து கூட்டுச் சேர்ந்து ஏமாற்றப் பார்த்தவர்கள்கூட, பார்வைக்காகவாவது தங்களுக்குள் ஒரு ஆட்டம் சண்டை போடுவார்கள். இவர்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டியிருக்கவில்லை.

பத்தாம் நாள் அறையின் சார்பில் ஒருவர் அவளைச் சந்திக்க விரும்புவதாக யெர்தென் சொன்னான். பெயர் கைரொல்லா. கொனாயெவ் விடுதியில் அவளுக்கு மேலாளராக இருந்த அதே கைரொல்லா. அவள் கழிவறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர். நாற்பது வயது ஆன மாதமே, ஆட்டக்காரர்கள் புதுமுகம் கேட்கிறார்கள் என்று வேலையை விட்டு அனுப்பியவர்.

மலையடிவாரத்தில் விலை உயர்ந்த உணவகம் ஒன்றுக்கு அவர் அழைத்தார். அவள் சந்தைக்குப் பின்னால் லக்மான் நூடுல்ஸ் போடும் கடைக்கு வரச் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததிலேயே அவளுக்கு மதியச் சாப்பாட்டுக் காசு வசூலாகிவிட்டது.

"இன்னும் அதே மூஞ்சிதான் உனக்கு" என்றார். "எழவு வீட்டுக்கு வந்த மாதிரி."

"உங்களைப் பாத்தா வர்ற மூஞ்சி, அண்ணே. மத்த நேரத்துல நல்லாத்தான் இருப்பேன்."

"உங்கப்பன் அடுத்தது ஆம்பளப் புள்ளயா பொறக்கணும்னு உனக்கு 'பையனாகட்டும்'னு பேரு வச்சான். வாய் மட்டும்தான் அந்த மாதிரி வந்துச்சு. சரி, எவ்வளவு போடப் போற?"

"ரெண்டு."

"பத்துக்கா?"

"நூத்துக்குப் போடலாமான்னும் யோசிச்சேன்."

அவர் நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி அலைக்கழித்தாரே தவிரச் சாப்பிடவில்லை.

"பதினாலாம் மேசையில உக்காந்திருக்கிற நாலு பேர் யாரு?" என்று கேட்டாள்.

மறுப்பார் என்று நினைத்தாள். அந்த மரியாதையைக்கூட அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

"நம்ம பசங்கதான். கூலிக்கு உக்காந்திருக்காங்க. ஆளில்லாத கடைக்குள்ள எவனாவது நுழைவானா?"

"கடைய நிரப்பவா உக்காந்திருக்காங்க? வர்றவனை உரிச்சு அனுப்ப உக்காந்திருக்காங்க."

"உரிபடணும்னே வர்றான். நம்மகிட்ட இல்லைன்னா வேற எவன்கிட்டயோ போய் நிப்பான். நீ பதினோரு வருஷம் என்ன பண்ணின? அவனுங்களுக்குச் சீட்டுப் பங்குவச்சுக் குடுத்தே. கோயில் காரியமா அது?"

"இல்லை" என்றாள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளாமல் டீயைக் குடித்தாள்.

"அப்ப ஏன் இந்த வீம்பு? எங்ககிட்ட வந்துடு. தியானா வேலை காலியாகுது. வீட்ல உக்காந்தே பாக்கலாம்."

"தியானா யாரு?"

"மூணு பசங்க. ஷிஃப்ட் முறை."

"அதான் பதில் மூணு தினுசா வருது."

தன் சாப்பாட்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்தாள். கைரொல்லா பின்னாலிருந்து சொன்னார்: "நீ என்ன எழுதினாலும் வர்றது எட்டரைக்குக் கொறையாது. பந்தயம் கட்டுறியா?"

அவர் உளறுகிறார் என்று நினைத்தாள்.

ஐந்து பக்கம் எழுதினாள். மூன்று தியானாக்கள், செய்தித்தாள், பதினாலாம் மேசை, இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், எல்லாம். கடைசியில் இரண்டு என்று போட்டு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துத் தளத்தைத் திறந்தபோது மேலே பெரிதாக 8.7 என்று இருந்தது. அவள் எழுத்தில் முதல் பத்தி மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றது போனஸ் பற்றிய பாராட்டு. அடியில் அவள் பெயர்.

"எண் என்னோடதுக்கா, எழுத்துதான் உங்களோடது" என்றான் யெர்தென் தொலைபேசியில்.

"எழுத்தையும் காணோமே."

"நீளமா இருந்துச்சு. அதை எவன் படிக்கப் போறான்? எண்ணைப் பாப்பானுங்க, பணத்தைப் போடுவானுங்க. அவனுங்களை எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது சரி. அதனாலேயே அவளுக்கு அவன்மேல் இன்னும் வெறுப்பு வந்தது.

"இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம்?"

அவன் தொடர்பைத் துண்டித்தான். அவளே தேடிப் பார்த்தாள். ஐந்து போட்டது 8.4 ஆகியிருந்தது. மூன்று போட்டது 7.9. இரண்டு வருஷமாக எழுதி அனுப்பியதை ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. சம்பளம் வந்தது, அடுத்த அறைக்குப் போனாள். அந்த 7.9-க்குக் கீழே ஒருவன், "உல்போசின் சொன்னா நம்பிப் போடலாம்" என்று எழுதியிருந்தான். கைரொல்லாவுக்குத் தெரிந்திருந்தது, அறை நடத்துகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளச் சோம்பலாக இருந்தது என்பதுதான் நிஜம். அன்றைக்கு மற்ற எல்லோரையும்விட அதிகமாக அவள் தன்னைத்தான் திட்டினாள்.

மறுபடி கூப்பிட்டாள். "என் பேரை எடு."

"எடுத்தா யாரு எழுதினதுன்னு போடுறது?"

"உங்கம்மா பேரைப் போடு."

சாயங்காலம் அங்கே நிபுணர் விக்டர் என்று இருந்தது. கூடவே நரைத்த தாடியோடு ஒருவர் படம். அதே ஆள் ஒரு பல் மருத்துவமனை விளம்பரத்தில் சிரிப்பதை அவள் பேருந்தில் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கணக்கில் சிக்கிக்கிடந்த பணத்தோடு பதினாலாம் மேசையில் போய் உட்கார்ந்தாள். வந்த சீட்டையெல்லாம் கீழே போட்டாள். ஆறாவது நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் மட்டும் அரட்டைப் பெட்டியில் எழுதினாள்: "தம்பி, இந்த நாலு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க. எந்திரிச்சுப் போ."

முதல் ஆள் எழுதினான்: "தோத்துட்டு ஒப்பாரி வைக்கிறியா மாமா?"

இரண்டாவது ஆள்: "உன் வேலையப் பாரு பெருசு." ஒன்பது நிமிடத்தில் வழித்துத் துடைத்து அனுப்பினார்கள். போகும்போது அவன் அவளைத்தான் திட்டிவிட்டுப் போனான்.

மூன்றாவது ஆள் எதுவும் எழுதவில்லை. ஆடினான், தோற்றான், வெளியே போய்ப் பணம் போட்டுக்கொண்டு திரும்ப வந்தான். அவள் திரும்ப எழுதினாள். அவன் திரும்ப ஆடினான்.

இவர்களுக்கு இந்த அறை சரியான அறைதான் என்று தோன்றியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. பதினொன்றேகாலுக்குக் கரகந்தி வெல்டர் என்ற பெயரில் ஒருவன் வந்தான். அவள் எழுதினாள். அவன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். பிறகு நாற்காலி காலியானது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. காட்டுமிராண்டி என்று நினைத்தாள். ஆனால் காலியான நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குள் கடிதம் வந்துவிட்டது. மற்ற ஆட்டக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஆடிய குற்றத்துக்காக அவள் கணக்கு மூடப்படுகிறது, பணம் முடக்கப்படுகிறது. அவள் சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

ஐந்து பக்கத்தையும், பதினாலாம் மேசை அரட்டையில் எச்சரித்தது தான்தான் என்று அடியில் ஒரு வரி சேர்த்து, ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு பொது மன்றத்தில் தன் முழுப்பெயரோடு போட்டாள். போட்டி அறைக்காரன் காசு கொடுத்து எழுதவைத்தது என்றார்கள். பெண்ணுக்குப் போக்கரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். நீளமாக இருக்கிறது, யாராவது சுருக்கிச் சொல்லுங்கள் என்றார்கள். செப்டம்பரில் அல்தின் துஸ் திறக்காமல் போனது. போட்டவர்களின் பணமும் அதோடு போனது. கைரொல்லா இன்னொரு பெயரில் இன்னொரு அறை திறந்தார். விக்டர் அதற்கு ஒன்பது கொடுத்தார். உல்போசின் அப்போது விமான டிக்கெட் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அக்டோபரில் ஒரு மதியம் மன்றத்தில் அவளுக்குத் தனிச்செய்தி வந்தது. கரகந்தி வெல்டர்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னதுக்காக நான் எந்திரிக்கலை. பொண்ணைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போற நேரம். மறுநாள் திரும்பப் போய் உக்காந்தேன். எல்லாம் போச்சு. இப்ப எந்த ரூம் நல்லது? பத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

வாயில் வந்ததையெல்லாம் கடைக்குள்ளேயே முணுமுணுத்தாள். டிக்கெட் கேட்டு நின்ற கிழவர் தன்னைச் சொல்வதாக நினைத்துக் கோபித்துக்கொண்டார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஆடாதே என்று எழுதி அழித்தாள், அவன் கேட்கப் போவதில்லை. ஒரு மேசையில் காசு போடுமுன் எவ்வளவு நேரம் வேடிக்கை பார்க்க வேண்டும், யார் யாரோடு மோதுகிறார்கள், யார் யாரோடு மோதுவதே இல்லை என்று எப்படிக் குறிக்க வேண்டும், உதவிப் பிரிவில் எதை மூன்று முறை கேட்க வேண்டும், பெரிய தொகையை முதலிலேயே எடுத்துப் பார்க்க வேண்டியது ஏன் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. எண் எதுவும் போடவில்லை.

உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. படித்தானா என்று அவள் கேட்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.