அக்காவின் மூச்சுக்கு ஓர் இடம்

“நீதான் இழுக்குற!”

“நானா? நீ நிக்கிற, அதனால நானும்...”

“பேசாத! மெஷின் தாளத்தைப் போட்டுடுறேன். உன் மிருதங்கத்துக்கு லீவு.”

“போட்டுக்கோ! வயலினையும் அதுவே வாசிக்கும். நீ போய்ப் பாத்திரம் தேய்!”

போன் திரையில் அண்ணன் வயலின் வில்லை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் தங்கை துணி அலமாரிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் அவளுடைய பஸ் டிரைவர் சீருடையும் இரண்டு கனத்த கோட்டுகளும் தொங்கின. எதிரொலி வராத இடம் அந்த ஒற்றை அறையில் அதுதான். பிழைக்க வந்த தேசத்தில் அப்பா அம்மா பெற்றுப்போட்ட மூன்று பேரையும் ஊரடங்கு மூன்று ஊரில் மாட்டிவைத்திருந்தது.

பாடுகிறவள் அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டிக்குத் தவிர குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வரக்கூடாது. மத்தியானம் அரைமணிதான் ஓய்வு. இன்றைக்குப் பாட்டு பதிவானால் சாயங்காலம் வார்டு ஒலிபெருக்கியில் போடுவார்கள். நேற்று மூவரும் போனில் சேர்ந்தே வாசித்துப் பார்த்தார்கள். குதிரை மாதிரிக் கிளம்பிய பாட்டு தாலாட்டாக வந்து முடிந்தது.

இன்று காலையில், நாதம் கனக்க மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு ரவை பிசைந்து அப்பும்போதுதான் தங்கைக்கு விஷயம் பிடிபட்டிருந்தது.

“அண்ணா, கேளு. உன் சத்தம் எனக்கு அரை நொடி தள்ளித்தான் வருது. நீ தடுமாறிட்டேன்னு நான் நிக்கிறேன். அது உனக்கு இன்னும் தள்ளிக் கேக்குது, நீயும் நிக்கிற. அக்கா ரெண்டு பேருக்காகவும் நிக்கிறா. யாரையும் விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சின்னதுலேர்ந்து பழகிட்டோம் பாரு, அதுதான் இங்க குழி பறிக்குது.”

“அதுக்குத்தான் மெஷின்ங்கிறேன். அது யாருக்காகவும் நிக்காது.”

“அக்கா மூச்சு வாங்கவும் நிக்காதே! நான் தனியா முழுசா வாசிச்சு அனுப்புறேன். அதைக் கேட்டு அக்கா பாடட்டும். அதுக்கு மேல நீ வாசி.”

“பாட்டே இல்லாம யாருக்கு வாசிப்ப? செவுத்துக்கா?”

“கோட்டுக்கு! அக்காவுக்கு உன் மெஷினையும் அனுப்பு. அவ அதுதான் சரின்னா இந்தப் பாட்டுல நான் இல்ல. போதுமா?”

அழைப்பைத் துண்டித்தாள். பதிவை ஓடவிட்டு, போனைக் காலுறைக்குள் போட்டு ஹேங்கரில் மாட்டினாள். கண்ணை மூடி, மனசுக்குள் அக்காவைப் பாடவிட்டாள். இரண்டாவது அடி முடிந்ததும் அக்கா மூச்சு வாங்குவாள். அங்கே பொட்டளவு இடம் விட்டாள். சரணத்தில் குரல் ஏறும்போது கொஞ்சம் அவசரப்படுவாள். அங்கே விரல்களும் கூடவே ஓடின. பிறந்ததிலிருந்து கேட்ட குரல், தப்புமா என்ன?

பன்னிரண்டரைக்கு அக்காவுக்கு அனுப்பினாள். ஒரு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அக்கா திரைக்கு வந்தாள். கன்னத்தில் முகக்கவசம் பதிந்த தடம் அப்படியே இருந்தது. இன்னொரு கட்டத்தில் அண்ணன்.

“மெஷினோட பாடினேன், ரெண்டாவது அடியிலேயே மூச்சு முட்டிருச்சு. இவளோட ஒரே வீச்சுல முடிச்சுட்டேன். ஏண்டி, என் மூச்சை எப்படி அளந்து வச்சிருந்த?”

“பக்கத்துல படுத்து உன் குறட்டையைக் கேட்டு வளர்ந்தவளாச்சே!”

அக்கா சிரித்துக்கொண்டே டியூட்டிக்கு ஓடினாள். திரையில் அண்ணன் மட்டும் மிச்சம். வில்லுக்குப் பிசின் தேய்ப்பது போல் குனிந்துகொண்டான். அவன் அறையிலிருந்து இன்னும் ‘டிக், டிக்’ என்று கேட்டது.

“அண்ணா, அந்த டிக் டிக்கை அணைச்சுட்டு வயலினை எடுக்கிறியா, இல்ல பாத்திரம் தேய்க்கப் போறியா?”